பறக்கும்போது எஞ்சின் திணறினால்: சிறு விமானத்தின் எரிபொருள் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

எரிபொருள் இல்லாமல் சிறு விமானம் விழுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், டேங்க் நிஜமாகவே காலி. மற்றதில், டேங்கில் எரிபொருள் இருக்கிறது, எஞ்சினுக்குத்தான் வந்து சேரவில்லை. இரண்டாவது வகையில் ஒரு கைப்பிடியைத் திருப்பினால் எஞ்சின் திரும்ப உயிர்பெறலாம். முதல் வகையில் என்ன திருப்பியும் பயனில்லை, இறங்க இடம் தேட வேண்டியதுதான். எந்த வகையில் மாட்டியிருக்கிறோம் என்பது எஞ்சின் திணறும் முதல் அரை நிமிடத்தில் தெரிந்தாக வேண்டும். அதற்கான தடயங்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கண்ணெதிரே வந்து போயிருக்கும்.

இதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு நடப்பது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் இதைப் பற்றித் தனியாகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட எரிபொருள் விபத்துகள். அவற்றில் 56 விழுக்காடு முழுக்கத் தீர்ந்துபோனவை, 35 விழுக்காடு இருந்தும் எஞ்சினுக்கு வராதவை. ஓட்டியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வணிக விமானி உரிமமோ அதற்கும் மேலோ வைத்திருந்தவர்கள். மாணவர்கள் 2 விழுக்காடுதான். கருவிகளின் பங்கு வெறும் 5 விழுக்காடு. முக்கால்வாசிக்கும் மேலான விபத்துகள் நல்ல பகல் வெளிச்சத்தில் நடந்தவை.

கீழே இருப்பவை பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானங்களுக்குப் பொதுவானவை. உங்கள் விமானத்தின் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

எஞ்சின் திக்குகிறது, அல்லது நின்றேவிட்டது

முதல் வேலை எஞ்சின் அல்ல, வேகம். மூக்கைத் தாழ்த்தி, மிதந்து இறங்குவதற்கான வேகத்தைப் பிடித்து, விமானம் தானாகவே அந்த வேகத்தில் நிற்கும்படி டிரிம் செய்துவிடுங்கள். செஸ்னா 172இன் பழைய மாடல்களில் அது 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர்), 172எஸ்ஸில் 68. இப்படி மிதக்கும் 172, உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு தூரம் போகும். தரையிலிருந்து 3000 அடி உயரத்தில் இருந்தால் சுமார் 8 கிலோமீட்டர், நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. காற்று எதிர்த்து வீசினால் தூரம் குறையும். இந்த வட்டத்துக்குள் இறங்கத்தக்க ஒரு வயலையோ ரன்வேயையோ பார்த்து, மூக்கை அந்தப் பக்கம் திருப்பியபிறகு கையை எரிபொருள் செலெக்டருக்கு, அதாவது எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கைப்பிடிக்கு, கொண்டு போங்கள்.

செலெக்டரை வேறு டேங்குக்கு மாற்றுங்கள். இடது, வலது என்று மட்டும் இருக்கும் பைப்பர் வகைகளில் எதிர்ப்பக்க டேங்க். இரண்டும் சேர்ந்த நிலை உள்ள செஸ்னாவில் அந்த நிலை. அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது என்றால், அதிகம் காட்டும் பக்கத்துக்குத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது கைப்பிடி 'டக்'கென்று பள்ளத்தில் உட்கார வேண்டும். தேய்ந்த செலெக்டர்கள் இரண்டு நிலைக்கும் நடுவில் போய் நின்றுகொள்ளும். பார்க்கச் சரியாக இருப்பதுபோலத் தெரியும், உள்ளே வழி அடைத்திருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் விரலாலும் உணர வேண்டும். அப்புறம் மின்பம்ப் இருந்தால் போடுங்கள், மிக்சரை (எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் குமிழ்) முழுக்க முன்னே தள்ளுங்கள், கார்புரேட்டர் ஹீட்டை (பனியை உருக்கச் சூடான காற்றை விடும் குமிழ்) முழுக்க இழுங்கள், பிரைமர் (எஞ்சினைக் கிளப்ப எரிபொருள் பீச்சும் கைப்பம்ப்) பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு, பொறுக்காமல் போவது. டேங்கை மாற்றி மூன்று நொடியில் எஞ்சின் பிடிக்கவில்லை என்று திரும்பப் பழைய டேங்குக்கே திருப்பிவிடுவார்கள். காற்றடைத்த குழாய் மறுபடி நிரம்ப நேரம் வேண்டும். டேங்க் வறண்டு நின்ற எஞ்சின் பிடிக்கப் பத்து நொடி வரை ஆகலாம் என்று பைப்பர் பிஏ-28இன் கையேடே சொல்கிறது. வாயால் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி ரொம்ப நீளமாக இருக்கும்.

எஞ்சின் பிடித்துவிட்டால் நிம்மதியாகப் பயணத்தைத் தொடர வேண்டாம். ஒரு டேங்க் நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் வறண்டிருக்கிறது என்றால் உங்கள் கணக்கே பிழை. மற்ற டேங்கைப் பற்றிய கணக்கும் அதே தாளில்தான் இருக்கிறது. அருகிலுள்ள ரன்வேயில் இறங்குங்கள். பிடிக்கவில்லை என்றால், ஓரிரு முயற்சியோடு நிறுத்திவிட்டு இறக்கத்தில் கவனம் வையுங்கள். எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டே வேகத்தைத் தவறவிட்டு, தாழ்வான உயரத்தில் ஸ்டால் ஆகி (இறக்கை தாங்கும் விசையை இழந்து) சுழன்று விழுந்தவர்களே அதிகம் உயிரிழக்கிறார்கள். விமானம் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே வயலில் இறக்கியவர்கள் பெரும்பாலும் நடந்து வெளியே வருகிறார்கள்.

செலெக்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதும் அற்ப விஷயம் அல்ல. 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது லாங்-ஈஸி என்ற, வீட்டிலேயே கட்டப்படும் வகை விமானம். அதன் வரைபடத்தில் செலெக்டர் விமானியின் கால்களுக்கு நடுவில் இருந்தது. அந்த விமானத்தைக் கட்டியவர் அதை இருக்கைக்குப் பின்னால், இடது தோளுக்கும் பின்புறம் வைத்திருந்தார். கைப்பிடியில் எந்த நிலை எதற்கு என்ற குறியும் இல்லை. அதைத் திருப்ப உடலை முறுக்கும்போது வலது கால் தன்னையறியாமல் ரடர் பெடலை (வால் துடுப்பைத் திருப்பும் மிதி) அழுத்தியிருக்கிறது, விமானம் கைமீறிப் போயிருக்கிறது என்பது விசாரணையின் முடிவு. கிளம்புமுன் எரிபொருள் நிரப்பாததும் காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. புதிதாக ஒரு விமானத்தில் ஏறினால், தரையில் நிற்கும்போதே கண்ணை மூடிக்கொண்டு செலெக்டரை எல்லா நிலைக்கும் திருப்பிப் பழகுங்கள். உடல் முறுகுகிறதா, கால் எங்கே போகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

நேராகப் பறந்தால் சரி, திரும்பினால் அல்லது இறங்கினால் விட்டு விட்டு நிற்கிறது

டேங்கில் கொஞ்சம்தான் மிச்சம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. டேங்கின் வெளிவாய் ஒரு மூலையில் இருக்கும். அளவு குறைந்தபின், விமானம் ஒரு பக்கமாக வழுக்கினாலோ மூக்கு நிறையத் தாழ்ந்தாலோ எரிபொருள் எதிர் மூலைக்கு ஓடிவிடும், வாய் காற்றை உறிஞ்சும். இறக்கைகளைச் சமமாக்கி, வழுக்கலைக் காட்டும் கருவியின் பந்தை நடுவில் கொண்டுவந்தால் எஞ்சின் மறுபடி பிடிக்கும். அப்படிப் பிடித்தால் உங்களிடம் இருப்பது நிமிடக் கணக்குதான். நிறைய உள்ள டேங்குக்கு மாற்றுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் நீண்ட வழுக்கலும் செங்குத்தான இறக்கமும் இல்லாமல், ரன்வேக்கு எட்டும் உயரத்தை விடாமல் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இந்த நிலையில் தரையிறக்கம் சரிவராமல் மறுபடி மேலேறுவது ஆபத்து. மூக்கு தூக்கியிருக்கும்போது எரிபொருள் பின்னால் ஓடி, எஞ்சின் முழுச் சக்தி கேட்கும் நேரத்தில் நின்றுபோகும்.

பயன்படுத்த முடியாத எரிபொருள் என்று கையேட்டில் தனியாக ஓர் எண் இருப்பது இதனால்தான். செஸ்னா 172என் மாடலில் மொத்தம் 43 அமெரிக்க கேலன், பயன்படுவது 40. மீதி மூன்று கேலன், அதாவது 11 லிட்டருக்கு மேல், டேங்கில் இருந்தாலும் உங்கள் கணக்கில் கிடையாது.

நீங்கள் எதையும் தொடாமலே எஞ்சின் சுற்று மெல்ல மெல்லக் குறைகிறது

இது எரிபொருள் தீர்ந்ததைப் போலவே இருக்கும், ஆனால் பெரும்பாலும் கார்புரேட்டரில் பனி. ஈரப்பதம் மிகுந்த நாளில், வெளியே வெயில் அடித்தாலும் வரும். குறைந்த சக்தியில் இறங்கும்போது அதிகம் வரும். ஹீட்டை முழுக்க இழுத்தால் முதலில் எஞ்சின் இன்னும் மோசமாக உலுக்கும். உருகிய நீர் உள்ளே போவதால் அப்படி. பயந்து உடனே ஹீட்டை மூடிவிடாதீர்கள், தெளியும்வரை விடுங்கள்.

ஹீட்டுக்கு மசியவில்லை, டேங்க் அளவுமானிகளின் முள்கள் இரண்டும் நல்ல அளவு காட்டுகின்றன என்றால் அடுத்து டேங்கின் வென்ட் மேல் சந்தேகப்படுங்கள். எரிபொருள் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். வென்ட் குழாயில் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தால் போதும், டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் தளர்ந்துகொண்டே வரும். வேறு டேங்குக்கு மாற்றினால் தற்காலிகமாகச் சரியாகும். தரையிறங்கி மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் கள்ளன் பிடிபட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளம்பிய சில நிமிடங்களிலேயே எஞ்சின் தும்மினால் தண்ணீரா என்று யோசியுங்கள். அது டேங்கின் அடியில் தங்கும். அடிவடிகாலில் கொஞ்சம் எரிபொருளைப் பிடித்துப் பார்க்காமல் கிளம்பியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஒரு டேங்க் முள் அசையவே இல்லை

அசையாத முள் நல்ல சேதி அல்ல. மிதவை மாட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது அந்த டேங்கிலிருந்து எதுவுமே வராமல், எல்லாம் மற்ற டேங்கிலிருந்து போய்க்கொண்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்த நிலையில் வைத்தாலும் 172இல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வடியாது, கொஞ்சம் வித்தியாசம் இயல்பு. ஒரு பக்கம் பாதிக்கு வந்தபின்னும் மறுபக்கம் நிறைவாகவே நின்றால் அது இயல்பில் சேராது. அசையாத பக்கத்துக்கு செலெக்டரை மாற்றிப் பாருங்கள். ஆனால் அதற்கு இடம், நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். நல்ல உயரத்தில், கீழே ஒரு ரன்வே எட்டும் தூரத்தில் இருக்கும்போது. காட்டுக்கு மேலேயோ தண்ணீருக்கு மேலேயோ இந்தச் சோதனை வேண்டாம்.

துணைடேங்க் வைத்த, எரிபொருளைப் பீச்சிச் செலுத்தும் சில எஞ்சின்களில் வேறொரு சிக்கல் உண்டு. எஞ்சினுக்கு மிஞ்சியது ஒரு குறிப்பிட்ட முதன்மை டேங்குக்குத் திரும்பும். கிளம்பிய உடனே துணைடேங்கைத் திறந்தால், முதன்மை டேங்கில் இடம் இல்லாததால் திரும்பி வருவது வென்ட் வழியே வானத்தில் கொட்டும். துணைடேங்க் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்று விழிப்பீர்கள். முதன்மை டேங்கில் இடம் ஏற்படும்வரை அதிலேயே ஓட்டச் சொல்லி அந்தக் கையேடுகள் எழுதியிருப்பது இதற்காகத்தான்.

ஒரு டேங்கில் இருக்கிறது, இன்னொன்றுக்குப் போகவில்லை என்பதன் கொடிய உதாரணம் ஒரு ஹெலிகாப்டர். 2013 நவம்பர் 29 அன்று கிளாஸ்கோ நகரில் ஒரு மதுக்கூடத்தின் கூரை மேல் ஈசி135 வகைப் போலீஸ் ஹெலிகாப்டர் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். முதன்மை டேங்கில் 70 கிலோவுக்கு மேல் எரிபொருள் இருந்தது. அங்கிருந்து எஞ்சின்களின் ஊட்டு டேங்குகளுக்குத் தள்ளும் பம்ப்புகள் இரண்டும் அணைந்திருந்தன. குறைந்த எரிபொருள் எச்சரிக்கை ஒருமுறை அல்ல, பலமுறை வந்து, ஒவ்வொரு முறையும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது.

இரண்டு முள்களும் கணக்கைவிட வேகமாக இறங்குகின்றன

முள் பொய் சொல்லும் என்று சிறு விமானக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். உண்மையும் உண்டு. ஆனால் அதை ஒரே பக்கமாகப் பயன்படுத்துவதுதான் வம்பு. முள் அதிகம் காட்டினால் 'முள்ளை நம்பாதே' என்பது நல்ல பழக்கம். முள் குறைவாகக் காட்டும்போதும் அதையே சொல்லிக்கொண்டு பறப்பது மனதைத் தேற்றிக்கொள்வது. கணக்கு, முள், ஓட்டமானி (எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை அளக்கும் கருவி) மூன்றில் எது மிகக் குறைவு காட்டுகிறதோ அதுதான் உண்மை என்று எடுத்துக்கொண்டு பறங்கள், தரையில் போய் விவாதிக்கலாம். டிஜிட்டல் ஓட்டமானி காட்டும் 'மிச்சம்' என்ற எண்ணும், கிளம்பும்போது நீங்கள் தட்டச்சு செய்த எண்ணிலிருந்து கழித்து வருவதே. டேங்கை அது பார்ப்பதே இல்லை. கசிவு அதற்குத் தெரியாது.

காரணம் தேடும்போது முதலில் மூடிகளைப் பாருங்கள். இறக்கையின் மேற்புறம் காற்றழுத்தம் குறைவான இடம். அங்கே மூடி சரியாக உட்காரவில்லை என்றால், ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால், பறக்கும்போது எரிபொருள் உறிஞ்சப்பட்டு வெளியே போகும். தாழ்வான இறக்கை என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே இறக்கையின் பின்விளிம்பை நோக்கி ஈரக்கோடு ஓடுவது தெரியலாம். மேலிறக்கையில் தெரியாது, மறுநாள் நீலக்கறையாகத்தான் தெரியும். சிறு விமானங்களின் பெட்ரோலான 100எல்எல்லுக்கு நீலச்சாயம் சேர்ப்பதால் அது காய்ந்த இடத்தில் நீலம் தங்கும். கேபினில் பெட்ரோல் வாடை வந்தால் கசிவு உங்களுக்கு இன்னும் அருகில் இருக்கிறது. மின்சாதனங்களை அநாவசியமாகத் தட்டாமல் சீக்கிரம் இறங்குங்கள்.

கசிவு இல்லையென்றால் மிக்சர். கையேட்டில் மணிக்கு 34 லிட்டர் என்று இருந்தால், அது பயண உயரத்தில் மிக்சரை மெலிதாக்கி ஓட்டினால் வரும் எண். மிக்சரின் சிவப்புக் குமிழை முழுக்க முன்னே வைத்துக்கொண்டு பறந்தால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது. 34 என்று எழுதிவிட்டு 40 எரித்தால் நான்கு மணி நேரத்தில் 24 லிட்டர் காணாமல் போகும். கட்டாய மிச்சம் என்று வைத்த அரைமணி நேரப் பெட்ரோல் முழுக்க அதிலேயே கரைந்துவிடும். பெரிய மர்மம் எதுவும் இல்லை, குமிழைப் பின்னே இழுத்தால் சரி.

கசிவுதான் என்று தோன்றினால் டேங்குகளை ஒன்றோடொன்று இணைத்துச் சமப்படுத்தப் போகாதீர்கள். 2001இல் ஏர் டிரான்சாட்டின் ஏ330 ஒன்று அட்லாண்டிக் நடுவில் இதைத்தான் செய்தது. இரு பக்கமும் ஒரே அளவாக்க வழி திறந்ததும், நல்ல பக்கத்து எரிபொருளும் கசிவு வழியே போய், இரண்டு எஞ்சினும் நின்று, அசோர்ஸ் தீவுகளில் மிதந்து வந்து இறங்கியது. பெரிய விமானம்தான், ஆனால் குழாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எரியும் அளவு சரி, தூரம்தான் முடியவில்லை

400 கிலோமீட்டரை மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரம் என்று போட்டீர்கள். 40 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால் தரை மேல் வேகம் 160, நேரம் இரண்டரை மணி. மணிக்கு 34 லிட்டர் என்றால் கூடுதலாக 17 லிட்டர். வானம் தெளிவாக இருக்கும், எஞ்சின் பாட்டுக்கு ஓடும், எதுவுமே தப்பாக நடக்காததுபோல இருக்கும். பயணத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே தரை மேல் வேகத்தைப் பார்த்து, சேரும் நேரத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். அமெரிக்க விதிப்படி, கண்பார்வைப் பறத்தலில் பகலில் 30 நிமிட மிச்சமும் இரவில் 45 நிமிட மிச்சமும் வேண்டும். ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வது என் வழக்கம். 30 நிமிடம் என்பது முள்ளும் கணக்கும் நம்மோடு ஒத்துழைக்கும் நாளுக்கு மட்டுமே.

ஒரு மணி நேர மிச்சம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் வழியிலேயே இறங்கி நிரப்புங்கள். கடைசி ரன்வேயையும் தாண்டிவிட்ட பிறகு வரும் ஞானத்தால் பயனில்லை. இறங்குமிடம் முடிவாகி, இனி தாமதம் வந்தால் மிச்சத்தில் கைவைக்க நேரும் என்றால் கட்டுப்பாட்டு நிலையத்திடம் 'மினிமம் ஃபியூயல்' என்று சொல்லுங்கள். அது தகவல் மட்டுமே, உங்களுக்கு முன்னுரிமை தராது. மிச்சத்தில் கைவைத்தே இறங்கப் போகிறீர்கள் என்றால் 'மேடே, மேடே, மேடே, ஃபியூயல்'. சும்மா 'கொஞ்சம் குறைவாக இருக்கிறது' என்று தயங்கித் தயங்கிச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு எதுவும் புரியாது. காகித வேலை வரும் என்று கூச்சப்பட இது நேரமில்லை.

தரையில்: நிரப்பியதும் குச்சி காட்டுவதும் ஒத்துப்போகவில்லை

விமானம் சரிவில் நிற்கிறதா என்று பாருங்கள். சரிவில், டேங்கில் விட்டு அளவு பார்க்கும் குச்சி ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் காட்டும். இரண்டும் சேர்ந்த நிலையில் செலெக்டரை விட்டிருந்தால் மேல்பக்க டேங்க் கீழ்ப்பக்கத்துக்கு வடிந்து, அங்கே நிரம்பி வென்டில் சொட்டியும் இருக்கலாம். அப்புறம் குச்சி இந்த விமானத்தினுடையதுதானா? 172இன் குச்சியை 182இல் விட்டால் எண் வரும், சரியான எண் வராது.

அலகையும் பாருங்கள். பம்ப் லிட்டரில் ஓடும், கையேடு அமெரிக்க கேலனில் பேசும், எடைக் கணக்கு பவுண்டிலோ கிலோவிலோ இருக்கும். ஓர் அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. கிலோவுக்கும் பவுண்டுக்கும் நடந்த குழப்பத்தில் 1983இல் ஏர் கனடாவின் 767 ஒன்று நடுவானில் எஞ்சின்கள் நின்று கிம்லியில் இறங்கியது பலருக்கும் தெரிந்த கதை.

தாழ்ந்த இறக்கை விமானங்களில் நிரப்பும் வாய்க்குக் கீழே ஒரு தகடு தெரியும். பைப்பர் வாரியரில் அதுவரை நிரப்பினால் பக்கத்துக்கு 17 கேலன். அதற்கும் கீழே இருந்தால் கண்ணால் அளக்கும் முயற்சியை விட்டுவிட்டு, தகடுவரை ஊற்றிவிடுங்கள். தெரிந்த ஓர் எண்ணிலிருந்து கிளம்பலாம்.

இறங்கி நிரப்பும்போது, நினைத்ததைவிட அதிகம் பிடிக்கிறது

யாரும் இதை ஒரு கோளாறாக எழுதிவைப்பதில்லை, விமானம்தான் பத்திரமாக வந்துவிட்டதே. 120 லிட்டர் பிடிக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 138 பிடித்தால், அடுத்தவர் அதே விமானத்தை அதே கணக்கோடு எடுத்துப் போவார். எந்த டேங்க் எவ்வளவு பிடித்தது, எத்தனை மணி நேரம் ஓடியது, முள் அப்போது என்ன காட்டியது என்று விமானத்தின் குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் என்றால் மூடி, வடிகால், வென்ட் என்று அந்தப் பக்கத்தை மெக்கானிக் பார்க்க வேண்டும். இரு பக்கமும் சமமாக அதிகம் என்றால் மிக்சரையோ, கணக்கில் போட்ட மணிக்கணக்கையோ பாருங்கள். தரையில் எஞ்சின் ஓடவிட்டுக் காத்திருந்த இருபது நிமிடத்தை யாரும் சேர்ப்பதில்லை. காரணம் பிடிபடும்வரை அந்த விமானத்துக்கு மணிக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணை, நிஜமாக எரிந்த அளவுக்கு உயர்த்திவிட்டுத்தான் அடுத்த பயணத்தைப் போடவேண்டும்.